கஸ்டம் வாட்டர் கூலிங்: எந்த கூலன்ட் ஊற்றலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. முதல் முறையாக கம்ப்யூட்டருக்கு கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி இணைத்து, கூலன்ட் என்ற திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் அமைப்பு) போடுகிறேன். சிபியு, ஜிபியு இரண்டுக்கும் நிக்கல் பூசிய செம்பு பிளாக் (சிப் மேல் பொருத்தும், உள்ளே கூலன்ட் ஓடும் பாகம்), ரேடியேட்டரும் செம்புதான் (அலுமினியம் கலந்தால் அரிக்கும் என்பதால் பார்த்துப் பார்த்து வாங்கினேன்). பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் பேஸ்டல் கூலன்ட் மேல்தான் ஆசை, ஆனால் அதிலுள்ள துகள்கள் நாளாக நாளாகப் படிந்து பிளாக்கின் மெல்லிய இடுக்குகளை அடைத்துவிடும் என்பதால் மனம் வரவில்லை. அப்புறம், டிஸ்டில்டு வாட்டர் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் பாசி பிடிக்காமலிருக்க பயோசைடும், கூடவே அரிப்புத் தடுப்பானும் நாமே அளந்து சேர்க்க வேண்டும். கிளைக்கால் கலந்த நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட்டில் அந்த வேலை இல்லை, விலைதான் அதிகம். இந்த இரண்டில் ஒன்றை ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள், பிளாக்கைத் திறந்தபோது உள்ளே எப்படி இருந்தது, எத்தனை மாதத்தில் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.