புதுப்பிப்பு: முந்தி ஓடிய நகல் கடிகாரம் சீரானது

என் நகல் டைவர் கைக்கடிகாரம் (நீர்மூழ்குவோர் அணியும் வகை) நாளொன்றுக்கு மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது, உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பிரித்து எண்ணெய் இட வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நல்லவேளை, பிரிக்கவில்லை.

கோளாறு காந்தத்தால் வந்தது. திசைகாட்டியை அருகில் வைத்ததும் அதன் முள் நடுங்கியது. மயிரிழை போன்ற சுருள்வில்லில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில்லின் நீளம் குறைந்ததுபோல் ஆகித் துடிப்பு விரைவுபடும். காந்தநீக்கியின் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை விடாமல் அழுத்தியபடி மெல்ல மேலே விலக்கினேன். இரண்டே முறை. இப்போது நாளுக்கு ஆறு விநாடிதான் முந்துகிறது. அன்று முழுவதும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

பின்மூடியின் ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் தடவியாயிற்று. ஆனாலும் நீர் புகாது என்று முகப்பில் அச்சிட்டிருக்கும் 300 மீட்டரை நான் நம்பவில்லை. அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீருக்குள் இறக்கமாட்டேன். இரவு 9 முதல் 3 வரை தேதியையும் மாற்றுவதில்லை, பற்சக்கரம் உடையக்கூடும்.

உள்ளே இருப்பது மணிக்கு 28,800 துடிப்புகள் கொண்ட இயந்திரம், அதாவது விநாடிக்கு எட்டு. அந்த விநாடி முள்ளின் ஓட்டம் எனக்கு அலுக்கவே இல்லை. யார் கேட்டாலும் இது நகல் என்றே சொல்கிறேன். கைமாற்றினாலும் அப்படித்தான் சொல்வேன்.

திருகுத் தலையின் (நேரம் மாற்றும் பக்கக் குமிழின்) ரப்பர் வளையம் இன்னும் பாக்கி. புதியது வந்ததும் மாற்றிவிட்டு எழுதுகிறேன்.