கல்லாங் விளையாட்டரங்கத்துக்கு அம்மாவோடு போகிறோம், எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

திருச்சிக்குமரன்:
தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் அவனைப் பார்க்கப் போகிறோம். கல்லாங்கில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கத்தில் தடகளப் போட்டி பார்க்க ஆசை. அன்று அவனுக்கு ஷிஃப்ட் என்பதால் நாங்களாகத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு எட்டு வயது. எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது? வெயில் அடிக்குமா? புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

பிடோக்வாசி:
போகும்போது கவலையே இல்லை. வட்டப்பாதை (சர்க்கிள் லைன்) ரயிலில் ஸ்டேடியம் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வெளியே வந்தால் அரங்கம் கண்ணெதிரே நிற்கும். கல்லாங் ஸ்டேஷனில் இறங்கியும் நடக்கலாம். அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

திரும்பும்போதுதான் கூத்து. அரங்கத்தில் 55,000 பேர் உட்காரலாம், வட்டப்பாதை ரயிலுக்கோ மூன்றே பெட்டி. கூட்டம் நிறைந்த நாளில் கடைசி ஓட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் அந்த ஒரே ஸ்டேஷனுக்குத்தான் போவார்கள். நான் எதிர்ப்பக்கமாக நடந்து, அடுத்த ஸ்டேஷனான மவுண்ட்பேட்டனில் ஏறிவிடுவேன். நகரத்துக்குப் போகிற ரயில் அங்கே நின்ற பிறகுதான் ஸ்டேடியத்துக்கு வரும், அதனால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அம்மாவால் அவ்வளவு நடக்க முடியாது என்றால் பக்கத்திலேயே கல்லாங் வேவ் மால் இருக்கிறது. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து, கூட்டம் கரைந்ததும் கிளம்புங்கள்.

இருக்கைகளுக்கு மேலே பெரிய கூரை, அடியிலிருந்து குளிர்காற்றும் விடுவார்கள். வெயிலுக்குப் பயமில்லை. தடகளத்துக்குக் கீழ்த்தட்டு இருக்கைகளைப் பின்னால் தள்ளித்தான் ஓடுபாதையைத் திறப்பார்கள். ஓட்டம் முடிகிற நேர்கோட்டுப் பக்கம் எடுங்கள். 2015 தென்கிழக்காசியப் போட்டியில் சாந்தி பெரேரா 200 மீட்டர் தங்கம் வென்றது இதே அரங்கத்தில்தான், பையனிடம் சொல்லுங்கள். மேல்தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், படியேறி அம்மாவுக்கு உயிர் போய்விடும்.

உட்லண்ட்ஸ்ராஜா:
புளியோதரையை உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், வெளிச்சாப்பாட்டைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ரயிலில் பிரித்துவிடவும் கூடாது, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். பையனுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அதே கதைதான். கல்லாங் ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அப்புறம், ரயிலில் ஒரே பயண அட்டையைத் தட்டி மூன்று பேர் போக முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும்.

திருச்சிக்குமரன்:
நன்றிங்க. கீழேயே எடுக்கச் சொல்லிவிட்டேன். முடிந்ததும் அம்மாவுக்கு இட்லி, தோசை மாதிரி ஏதாவது வேண்டும். பக்கத்தில் கிடைக்குமா?

பிடோக்வாசி:
மாலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வட்டப்பாதையிலேயே வந்து ப்ரோமனாட் ஸ்டேஷனில் டவுன்டவுன் பாதை ரயிலுக்கு மாறி லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். ராத்திரி தேக்கா உணவங்காடியில் பல கடைகள் மூடியிருக்கும். நேரே சிராங்கூன் சாலைக்கு வந்துவிடுங்கள், சைவ ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன.