புதுப்பிப்பு: பனியன் கம்பெனி இன்டர்ன்ஷிப்
திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு வரும் கல்லூரிப் பசங்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேனுங்க, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்னபடி ஃபைல் அடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லாட் துணியிலும் துண்டு வெட்டித் துவைத்து, நீளத்திலும் அகலத்திலும் எவ்வளவு சுருங்குகிறது, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை) எவ்வளவு என்று அளந்து எழுதும் பொறுப்பைக் கொடுத்தோம். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் இப்போது பேட்டர்னில் (துணி வெட்டும் மாதிரி வடிவத்தில்) அளவு கூட்டுகிறார். முதலில் முனகினவர், இப்போது அவரே உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கிறார். உதவித்தொகை கட்டாயம் கொடுக்கணும். பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையன் கைக்காசு போட்டு நமக்கு உழைக்கணுமா? சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: 1961 தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் இந்த இன்டர்ன்ஷிப்பிலிருந்து வேறு விஷயம், அதன்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அப்புறம், அடுத்த பேட்ச்சை ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத மாதத்தில்தான் எடுப்போம், சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமில்லைங்களா.