ஆங்கில நாவல்: நியூயார்க், லண்டன் முகவர்களுக்கு ஒரே க்வெரி கடிதம் போதுமா?

உப்புக்காற்று:
வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன்; 1,40,000 சொற்கள் வந்துள்ளன. நாவலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத் தரும் நியூயார்க், லண்டன் இலக்கிய முகவர்களுக்கு ஒரே க்வெரி கடிதத்தை (நாவலை அறிமுகப்படுத்தி, எடுத்துக்கொள்ளக் கேட்கும் கடிதம்) அனுப்பலாமா? இப்போது கடிதம் இரண்டு பக்கம் இருக்கிறது. முதல் பக்கம் முழுவதும் உப்பளத் தொழிலின் வரலாறுதான். அது இல்லாமல் வெளிநாட்டவருக்குக் கதை விளங்காது என்று கருதுகிறேன்.

நடுப்பக்கம்:
அந்த முதல் பக்கத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்குள், ஏறக்குறைய 300 ஆங்கிலச் சொற்களில் அடங்க வேண்டும். அதில் பெரும்பகுதி யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தவறினால் எதை இழக்க நேரும் என்பதற்கே உரியது. “உப்பளத் தொழிலாளரின் துயரத்தை உருக்கமாகச் சித்திரிக்கும் நாவல்” என்பது மதிப்புரைக்காரர் சொல்ல வேண்டியது. மாறாக, “கணவன் வாங்கிய முன்பணத்தை அடைக்கப் பாத்தியில் இறங்கும் ராக்கு, கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இறந்தவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துவிடுகிறாள், வெளியே சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் அந்தக் கடன் மகன் தலையில் ஏறும்” என்று எழுதினால் முகவர் அடுத்த வரியைப் படிப்பார். (உங்கள் கதை எனக்குத் தெரியாது; இது மாதிரிக்குத்தான்.) உப்பளமும் முன்பண முறையும் இந்த ஒரே வாக்கியத்தில் தாமாகவே வந்துவிட்டன, பாருங்கள். முடிவைக் கடிதத்தில் சொல்ல வேண்டாம். அதற்குத் தனியாக அனுப்பும் கதைச்சுருக்கம் இருக்கிறது, அங்கே மறைக்கக் கூடாது.

கடிதத்தைவிட எனக்குக் கவலை தருவது 1,40,000 என்ற எண்தான். முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை என்பதே அங்கே பொதுவான எதிர்பார்ப்பு. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மறுப்பவர்கள் உண்டு என்பதால், சுருக்கிய பிறகு அனுப்புவதே நல்லது.

மூன்றாம்படி:
நடுப்பக்கம் சொன்னது நியூயார்க்குக்கு முழுவதும் பொருந்தும். அங்கே பெரும்பாலும் கடிதம்தான் முதல் வடிகட்டி. சிலர் கடிதத்துடன் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டச் சொல்வார்கள்; கேட்காமல் இணைப்பாக வரும் கோப்பைப் பலர் திறப்பதே இல்லை. லண்டனில் பெரும்பாலான முகமைகள் சிறிய அறிமுகக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது 10,000 சொற்கள் என்று கேட்கும். கடிதத்தைவிட அத்தியாயங்களுக்கே எடை அதிகம். ஆகவே ஒரே கடிதம் போதாது. ஒவ்வொரு முகமையின் தளத்திலும் உள்ள விதியைப் படித்து, அதன்படி அனுப்புங்கள்.

அமெரிக்கர்களுக்கு எழுதும்போது, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த இரண்டு நாவல்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். புக்கர் பரிசு பெற்ற நாவலோடு ஒப்பிட்டுக்கொள்வது, நேர்காணலுக்குப் போனவர் முதலாளியின் நாற்காலியில் உட்காருவது போலத் தெரியும். மேலும், எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் ஏழெட்டுப் பேருக்கு அனுப்பிக் காத்திருங்கள். ஒருவர்கூட முழுப் பிரதியைக் கேட்கவில்லை என்றால், மீதிப் பேருக்கு அனுப்பும் முன் கடிதத்தையும் முதல் பக்கங்களையும் திருத்திக்கொள்ள வாய்ப்பிருக்கும்.

கரிசல்:
பண விஷயத்தை யாரும் சொல்லவில்லை. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்கும் முகவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். முறையான முகவர், நூல் விற்ற பிறகு பதிப்பகம் தரும் தொகையில்தான் கமிஷன் எடுப்பார். உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமாக 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20.

உப்புக்காற்று:
மூவருக்கும் நன்றி. வரலாற்றுப் பக்கத்தை நீக்கிவிட்டேன். நாவலைச் சுருக்கத்தான் நாளாகும். இதற்கிடையில் இந்தியப் பதிப்பகம் ஒன்றுக்கு நேரடியாக அனுப்பினால் பிறகு இடைஞ்சல் வருமா?

கரிசல்:
அனுப்பலாம், இங்கே பல பதிப்பகங்கள் முகவர் இல்லாமலேயே பிரதியைப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் ஒப்பந்தம் வந்தால் இந்தியத் துணைக்கண்டத்துக்கான உரிமையை மட்டும் கொடுங்கள். உலக உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு லண்டன் முகவர் உங்களுக்காக விற்க எதுவும் மிஞ்சாது.