புரோப்பேன் செலவைக் குறைக்க விறகு ஸ்டவ் போடலாமா? (லின்ட்சே பக்கம், பழைய வீடு)

கவார்த்தா_வீடு (ஆகஸ்ட் 2025)

வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் கனடாவில் ஸ்காபரோவை விட்டு ஒன்ராறியோவின் லின்ட்சேக்கு வடக்கே ஒரு பழைய வீடு வாங்கி வந்தோம். 1,600 சதுர அடி. எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் இல்லை, புரோப்பேன் ஃபர்னஸ்தான். போன குளிர்காலம் 3,100 லீற்றர் முடிந்தது. லீற்றர் சராசரியாக 84 சதம், மொத்தம் 2,600 டொலர்.

காசு மட்டும் பிரச்சினை இல்லை. மார்ச் கடைசியில் வந்த உறைபனி மழையில் எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. தாங்கியில் புரோப்பேன் இருந்தும் ஃபர்னஸ் ஓடவில்லை, அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே. அம்மாவுக்கு 74 வயது. எல்லாரும் ஒரே அறையில் போர்வைக்குள் கிடந்தோம். இரண்டாம் நாள் இரவு அம்மாவின் கை சில்லிட்டுப் போயிருந்தது. அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

ஒரு கடையில் புது ஸ்டவ், புது எஃகுப் புகைபோக்கி, பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 8,400 டொலர் என்றார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் பழைய இரும்பு ஸ்டவ் ஒன்றை 400 டொலருக்குத் தருகிறார், பின்பக்கத்தில் சான்று லேபிள் எதுவும் இல்லை. எங்கள் வரவேற்பறையில் செங்கல் நெருப்பிடம் ஒன்று இருக்கிறது. அந்தப் புகைபோக்கியையே பாவிக்கலாமா? என் கணவரும் அவருடைய தம்பியும் தாங்களே பொருத்தலாம் என்கிறார்கள். எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும்?

பீற்றர்பரோ_விறகு

தங்கச்சி, பதினொரு குளிர்காலமாக விறகு எரிக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் கணக்கு. ஒரு லீற்றர் புரோப்பேனில் ஏறத்தாழ 7 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. நல்ல ஃபர்னஸ் அதில் ஆறரையை வீட்டுக்குத் தரும். 84 சதத்துக்கு வாங்கினால் ஒரு கிலோவாட் மணி வெப்பம் 13 சதம். நன்றாகக் காய்ந்த மேப்பிள் ஒரு புஷ் கோர்ட்டில் (விறகு அடுக்கை அளக்கும் முழு அளவு) ஏறத்தாழ 7,000 கிலோவாட் மணி இருக்கிறது. ஸ்டவ் அதில் எழுபது வீதத்தை வீட்டுக்குள் விட்டால் 4,900. நான் கடைசியாக வாங்கியது கோர்ட் 400 டொலர், அப்படியானால் 8 சதம்.

உங்கள் வெப்பத்தில் முக்கால்வாசியை விறகுக்கு மாற்றினால் வருடம் மூன்று கோர்ட் வேண்டும். விறகுக்கு 1,200 டொலர் போகும், புரோப்பேனில் 1,900 மிஞ்சும். கையில் நிற்பது 700 தான். 8,400 டொலர் திரும்ப 12 வருடம் ஆகும். கடைக்காரர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் உங்கள் காணியில் ஆஷ் மரம் நிற்கிறதா? பச்சை வண்டு விழுந்து இந்தப் பக்கம் ஆஷ் எல்லாம் பட்டுப்போய் நிற்கிறது. அது உங்களுடையதாக இருந்தால் விறகுக்குக் காசு இல்லை, கணக்கே மாறிவிடும். பட்ட ஆஷ் சட்டென்று முறிந்து விழும், வெட்டுவதற்கு மட்டும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், வண்டு அதோடு சேர்ந்தே போகும்.

அந்த 400 டொலர் ஸ்டவை வாங்காதீர்கள். நான் அந்தப் பிழையைச் செய்தவன். முதல் வருடம் லேபிள் இல்லாத ஒன்றை இறக்கினேன். காப்புறுதிக்காரர் பரிசோதனை அறிக்கை கேட்டார், பரிசோதகர் பார்த்தவுடனேயே கையை விரித்தார். சான்று இல்லாத ஸ்டவுக்கு எரியக்கூடிய சுவரிலிருந்து 48 அங்குலம் இடைவெளி வேண்டும். என் வீட்டில் அது அறையின் நடுவில் வந்துவிடும்! சான்று பெற்றதற்கு லேபிளில் உள்ள இடைவெளி போதும், சிலவற்றுக்குப் பத்து அங்குலமும் வராது. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போட்டேன். 600 டொலர் போனது.

செங்கல் புகைபோக்கியைத் திறந்த நெருப்பிடத்துக்காகக் கட்டியிருப்பார்கள், அகலம் மிக அதிகம். ஸ்டவின் புகையை நேரே அதற்குள் விட்டால் மேலே போகப்போகக் குளிர்ந்து, கிரியோசோட் என்ற கறுப்புத் தாராகச் சுவரில் படியும். ஒருநாள் அது பற்றினால் புகைபோக்கியே எரியும். கூரைக்கும் போகும். அதற்காக இடிக்க வேண்டியதில்லை. உள்ளே 6 அங்குல எஃகு லைனர் (உட்குழாய்) இறக்கி, அதோடு ஸ்டவை இணைக்கலாம். புதுப் புகைபோக்கி கட்டுவதைவிட மலிவு. கடையில் இந்த விலையைத் தனியாகக் கேளுங்கள்.

தம்பிமார் தாங்களே பொருத்துவதைப் பற்றி: விறகு ஸ்டவ் பொருத்துவதற்கு சிஎஸ்ஏ பி365 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது, நகரசபையில் கட்டடப் பெர்மிற் எடுக்க வேண்டும், காப்புறுதிக்கு வெட் (WETT, விறகு ஸ்டவ் வேலைக்கான பயிற்சி) சான்றிதழ் உள்ளவரின் பரிசோதனையும் அநேகமாக வேண்டும். ஸ்டவைத் தூக்குவது, அடித்தளம் போடுவது அவர்கள் செய்யட்டும். லைனரைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஸ்டவ் வாசலுக்கு முன்னால் 18 அங்குலமும் பக்கங்களில் 8 அங்குலமும் எரியாத தரை வேண்டும். காப்புறுதிக்காரருக்கு வேலை தொடங்க முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விறகு. ஸ்டவைவிட இதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். "சீசன் பண்ணினது" என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். 30 டொலருக்கு ஈரமானி ஒன்று வாங்குங்கள். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒன்றைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்துங்கள். 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். ஈர விறகு தன் நீரைக் கொதிக்க வைக்கவே நெருப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கிரியோசோட்டும் அதிலிருந்துதான் கூடுதலாக வருகிறது. பிளந்த மேப்பிளுக்கு ஒரு முழுக் கோடை வேண்டும், ஓக் என்றால் இரண்டு. இந்தக் குளிர்காலத்துக்கு நீங்கள் பிந்திவிட்டீர்கள், காய்ந்ததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃபேஸ் கோர்ட்டா புஷ் கோர்ட்டா என்றும் கேட்டு வாங்குங்கள். 16 அங்குலக் கட்டை என்றால் மூன்று ஃபேஸ் சேர்ந்தால்தான் ஒரு புஷ்.

மார்க்கம்_மாடிவீடு

அண்ணை, எங்களுக்கு எரிவாயு ஃபர்னஸ் இருக்கிறது. நாங்களும் போட்டால் மிச்சம் வருமா?

பீற்றர்பரோ_விறகு

வராது. எரிவாயுக்காரருக்கு ஒரு கிலோவாட் மணி வெப்பம் ஐந்து சதத்துக்குள் முடியும். வாங்கும் விறகால் அதை எட்ட முடியாது. ஜன்னல் இடுக்கையும் மேற்தட்டு வெப்பக்காப்பையும் பாருங்கள், காசு அங்கேதான் போகிறது.

மொன்றியல்_அக்கா

இதை வாசிக்கும் மொன்றியல்காரருக்கு ஒரு வார்த்தை. எங்கள் நகரில் 2018 அக்டோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் ஸ்டவை எரிக்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் மட்டும் விலக்கு. வாங்க முன் உங்கள் நகரசபை விதியைப் பாருங்கள்.

குளிர்_மெக்கானிக்

செலவு மட்டும்தான் நோக்கம் என்றால் குளிர்நாட்டு ஹீற் பம்பையும் (வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) யோசியுங்கள். ஒரு பங்கு கரண்டில் இரண்டரைப் பங்கு வெப்பம் தந்தாலே, 14 சதக் கரண்டுக்கு 6 சதத்துக்குள் வரும். வாங்கும் விறகைவிட மலிவு, சாம்பலும் அள்ள வேண்டாம்.

பீற்றர்பரோ_விறகு

அவர் சொல்வது சரி. ஆனால் கரண்ட் போனால் ஹீற் பம்பும் நின்றுவிடும். தங்கச்சியின் அம்மாவுக்கு வேண்டியது கரண்ட் இல்லாத நாளுக்கான சூடு. மார்ச்சில் எங்களுக்கு நாலு நாள் இல்லை. நாங்கள் ஸ்டவின் மேல்தட்டில் சோறும் பருப்பும் வைத்தோம், பக்கத்து வீட்டு வயதானவர்கள் இரண்டு பேர் எங்கள் வரவேற்பறையில் தூங்கினார்கள். அந்த நாலு நாளை 12 வருடக் கணக்கில் எங்கே எழுதுவது? எனக்கு அது 8,400-ஐவிடப் பெரிது.

மூன்று விஷயம் விட்டுப்போனது. ஒவ்வொரு மாடியிலும் பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் வையுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே, மரத்தாலான எதிலும் முட்டாமல் வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரவு முழுக்க எரிய வேண்டும் என்று காற்றை அடைத்துப் புகைய விடவும் வேண்டாம். கண்ணாடி கறுத்தால் புகைபோக்கியும் கறுக்கிறது என்று அர்த்தம்.

கவார்த்தா_வீடு (நவம்பர் 2025)

அண்ணை, முடித்துவிட்டோம். செங்கல் புகைபோக்கிக்குள் லைனர், சான்று பெற்ற நடுத்தர ஸ்டவ், பெர்மிற், பரிசோதனை எல்லாம் சேர்த்து 6,150 டொலர். பரிசோதகர் அளவுநாடாவோடு ஒரு மணி நேரம் இருந்தார். முன்தரை இரண்டு அங்குலம் குறைவு என்று திருப்பிவிட்டார், ஓடு ஒட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

விறகு விஷயத்தில் நீங்கள் சொன்னபடியே நடந்தது. முதலில் பார்த்தவர் "இரண்டு வருடம் காய்ந்தது" என்றார். பிளந்து குத்தினேன், 31. நன்றி சொல்லிவிட்டு வந்தோம். எங்கள் வேலியோரம் பட்ட ஆஷ் ஐந்து நின்றது, வெட்டுபவர் செப்டெம்பரில் வந்து வீழ்த்தித் தந்தார். அதில் இப்போது 19 காட்டுகிறது. அதையே எரிக்கிறோம், இந்த மாதம் ஃபர்னஸ் அதிகாலையில் மட்டும் ஓடுகிறது. அம்மா பின்னேரம் ஆனால் தன் கதிரையை ஸ்டவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிடுகிறார்.

அடுத்த வருடத்துக்கு இரண்டு கோர்ட் பச்சை மேப்பிள் இறக்கினோம். நேற்றுத்தான் தெற்கு வெயில் படும் பக்கம், நிலத்தில் முட்டாமல் பலகை போட்டு, மேலே மட்டும் தகரம் மூடி அடுக்கி முடித்தோம்.