நீறுபூத்த நெருப்பு: வகுப்பில் காட்டுத்தீ பாடம் நடத்திய அனுபவங்கள்

சிங்கப்பூர் ஈசூன், தமிழாசிரியை:
உயர்நிலை மூன்று மாணவர்களுக்குக் காட்டுத்தீ பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். எல்லாத் தாளிலும் ஒரே காடு: ஆஸ்திரேலியா, வானளாவிய தீப்பிழம்பு, தப்பியோடும் கங்காரு. "நம்ம ஊருக்குப் புகைமூட்டம் எப்படி வருது?" என்று கேட்டேன். "பக்கத்து நாட்டுல கொளுத்துறாங்க, டீச்சர்." அதற்குமேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வீட்டுத் தூபக்காலை எடுத்துப் போனேன். அறிவியல் ஆசிரியரின் துணையோடு ஆய்வுக்கூடத்தில் கரியைப் பற்றவைத்து, சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தோம். "அணைஞ்சிடுச்சா?" என்றேன். அணைந்துவிட்டது என்றார்கள். ஒரு மாணவியிடம் விசிறியைக் கொடுத்தேன். இரண்டே வீச்சில் சாம்பல் பறந்து, கரி செக்கச்செவேலென்று கனன்றது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒரு மரபுத்தொடர் அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது.

பிறகு பீட் நிலத்தைப் பற்றிச் சொல்வது எளிதாகிவிட்டது. இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் சதுப்புகளில் இலையும் வேரும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்த மண் அது. பாமாயில் தரும் செம்பனை நடுவதற்காகவும் காகிதக் கூழுக்கு மரம் வளர்ப்பதற்காகவும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் அது மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். சிறு தூறலுக்கெல்லாம் அடங்காது. எல் நினோ வறட்சியும் சேர்ந்த 2015 இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அந்தச் செப்டம்பர் 25 அன்று இங்கே பள்ளிகளையே மூடினார்கள்.

வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் கேட்டான்: "அவ்ளோ வருஷம் சேர்ந்த கரி வானத்துக்குப் போயிடுச்சுன்னா, திரும்ப எப்ப மண்ணுக்கு வரும், டீச்சர்?" நம் ஆயுளில் வராது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

தெம்பனிஸ், ஒரு தாய்:
2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 ஐத் தொட்டது. அன்று என் மூத்தவனுக்கு இழுப்பு. சன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு, இரவெல்லாம் அவன் நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சின்னவள் இப்போது இதே பாடத்தைப் படித்துவிட்டு வந்து, கடையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "பாமாயிலை ஒதுக்கிடலாமா?" என்றேன். "வேற எண்ணெய்க்கு இன்னும் அதிக நிலம் வேணும்மா. காட்டை அழிக்காம, பீட்டை வடிக்காம எடுத்ததான்னுதான் பார்க்கணும்" என்றாள்.

பொங்கோல், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:
"பக்கத்து நாட்டுக்காரர்கள்" என்ற பேச்சோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள், அம்மா. வெளிநாட்டில் தீவைத்து நமக்குப் புகை அனுப்பும் நிறுவனம் எந்த நாட்டுடையதானாலும் அதன்மீது நடவடிக்கை எடுக்க, 2014 இல் நம் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. நான் சுமத்ரா வரைபடத்தைக் கொடுத்து, தென்மேற்குப் பருவக்காற்றை அம்புக்குறியாக வரையச் சொல்வேன். அந்த அம்பு தங்கள் அடுக்குமாடி புளோக்கின்மேல் வந்து நிற்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த முறை தூபக்காலையும் கொண்டுபோகிறேன்.