கீசருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்: தேவையா, வீண் செலவா?

மேடவாக்கத்தான்:
எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்த 25 லிட்டர் கீசர் சென்ற வாரம் அடியிலிருந்து ஒழுகத் தொடங்கியது. வாங்கி ஆறாண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. தொட்டிக்குக் கொடுத்திருந்த உத்தரவாதமோ ஐந்தாண்டு. வந்த மெக்கானிக் எதையும் கழற்றாமலேயே தொட்டியில் ஓட்டை விழுந்துவிட்டது என்றும், புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். கழற்றிக் காட்டினால்தான் நம்புவேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால், அடித்தட்டைத் திறந்து ஒரு கம்பியை உருவிக் காட்டினார். சைக்கிள் ஸ்போக்ஸ் அளவுக்கு மெலிந்து, வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பியைச் சுற்றி ஒரு காலத்தில் கட்டைவிரல் பருமனுக்கு மக்னீசியம் இருந்ததாம். அதற்கு ஆனோடு ராடு என்று பெயர் என்றும், காலாகாலத்தில் மாற்றியிருந்தால் தொட்டி பிழைத்திருக்கும் என்றும் அவர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த ஆறாண்டுகளில் இப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதாக ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

புதிய கீசர் மாட்டியாகிவிட்டது. ஆண்டுக்கு 1,600 ரூபாய் கட்டிப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும்படி கடைக்காரர் வற்புறுத்துகிறார். எங்களுக்கு போர் தண்ணீர்தான். கோடையில் லாரித் தண்ணீர். போடலாமா?

கூட்டல் கழித்தல்:
போட வேண்டாம். ஐந்தாண்டுக்கு 1,600 வீதம் 8,000 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு புதிய 15 லிட்டர் கீசரே வந்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும் காயில் போனால் ஆயிரத்துச் சொச்சம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போனால் அதற்கும் குறைவு. இரண்டும் ஒரே ஆண்டில் போவது அரிது. பழுதானபோது பார்த்துக்கொள்வதே சிக்கனம். என் வீட்டு கீசர் பதினோரு ஆண்டுகளாக ஒரு ஸ்பானர்கூடப் படாமல் ஓடுகிறது. பராமரிப்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம், ஒருவர் வந்து மேலுறையைத் துடைத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிச் செல்வதுதான்.

மின்கம்பி:
ஐயா, உங்கள் பதினோரு ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது?

கூட்டல் கழித்தல்:
கோவை, ஆர்.எஸ்.புரம். சிறுவாணித் தண்ணீர். ஏன்?

மின்கம்பி:
அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் மென்னீர்; அதில் கீசர் பதினோரு ஆண்டுகள் உழைப்பதில் வியப்பில்லை. மேடவாக்கத்து போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடேறும்போது அந்தக் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக, மாறிக் காயிலின் மேல் படிகிறது. சூடு கூடக் கூடப் படிவதும் கூடுகிறது. 60 பாகையைத் தாண்டினால் வேகம் நன்றாகவே தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்திருக்கிறது. போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒரு வீட்டில் பதினோரு ஆண்டுகள் ஓடியது என்பதை வைத்து இன்னொரு வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கூட்டல் கழித்தல்:
தண்ணீர் வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன், அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனாலும் என் கணக்கு மாறவில்லை. உப்புப் படிந்தால் காயில்தானே போகும்? அதன் விலை ஒப்பந்தத்தின் ஓராண்டுக் கட்டணத்தைவிடக் குறைவு.

கோவைக்கு மருமகள்:
நான் பிறந்தது மதுரை, வாழ்க்கைப்பட்டது கோவை. இரண்டு ஊர்த் தண்ணீரையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: காயில் மட்டும் போவதில்லை, மின்கட்டணமும் ஏறும். உப்புப் படிந்த காயிலால் தண்ணீரைச் சூடாக்க இரண்டு மடங்கு மின்சாரம் பிடிக்கும் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னார். எங்கள் அம்மா வீட்டில் கீசரைப் போட்டால் உள்ளே ஈர விறகு வெடிப்பதுபோல் டப் டப் என்று சத்தம் கேட்கும். குளிக்கப் போகிறவர் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மின்கம்பி:
அம்மா, நான் பராமரிப்பின் பக்கம் நிற்பவன்தான். ஆனால் தவறான காரணத்தைச் சொல்லி அதற்கு ஆள் சேர்க்க விரும்பவில்லை. மின்சார கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிரப் போக்கிடம் இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.58 யூனிட் வேண்டும். 2,000 வாட் காயில் அதைப் பதினேழு பதினெட்டு நிமிடங்களில் செய்துவிடும். காயிலின் மேல் உப்பு இருந்தாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அடியில் நெருப்பு எரியும் கேஸ் கீசராக இருந்தால் கதை வேறு. அங்கே வீணாகும் வெப்பம் புகையோடு வெளியே போய்விடும்.

மாறுவது காயிலின் சூடு. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெளியே தண்ணீர் 60 பாகையில் இருக்கும்போதே, உப்புப் போர்வைக்குள் காயிலின் மேலுறை அளவுக்கு மீறிக் கொதித்து, ஒரு நாள் வெடித்துத் திறந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட சத்தம், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளிவரும் சத்தம். காத்திருப்புக்கும் காரணம் உண்டு: தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் குழாயின் மேலும் உப்பு ஏறிவிட்டால் அது தண்ணீரின் சூட்டைத் தவறாக உணர்ந்து, கண்ட நேரத்தில் நிறுத்திவிடும்.

இப்போது கூட்டல் கழித்தல் அவர்களுக்கு. மேலுறை வெடித்த காயிலுக்குள் தண்ணீர் புகுந்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் அது துண்டித்துக்கொள்ளும். அதுவும் இல்லாமல், எர்த்தும் சரியில்லாத பழைய வீட்டில், ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறவருக்கு என்ன ஆகும் என்பதை உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கூட்டல் கழித்தல்:
அதை ஆர்.சி.சி.பி. என்ற பத்தியில் எழுதுவேன். அதை ஒரு முறை வாங்கி மாட்டினால் வீடு முழுவதற்கும் காவல். ஆண்டுதோறும் கீசரைத் திறந்து பார்ப்பதற்கு அது மாற்று, துணை அல்ல.

ஸ்பானர்:
பன்னிரண்டு ஆண்டுகளாகக் கீசர் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ஒப்பந்தப் பணிக்கும் போயிருக்கிறேன். மேலுறையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதாக மேலே எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன், ஏனென்றால் அது உண்மை. ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்க்கச் சொன்னால் அடித்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய எங்கே நேரம்? ஒப்பந்தம் போடுகிறவர்கள், பிளேஞ்சை, அதாவது அந்த அடித்தட்டை, திறந்து உப்பெடுப்பதும் ஆனோடு ராடு மாற்றுவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ராடும், பிளேஞ்சு ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் தனிச் செலவு என்றுதான் பதில் வரும்.

ஆனால் ராடு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கீசர் தொட்டி பெரும்பாலும் இரும்பு. உள்ளே எனாமல் பூச்சு. பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை இடைவெளி இருக்கத்தான் செய்யும். இரும்பைவிட முந்திக்கொண்டு அரிபடுவது மக்னீசியத்தின் குணம். அது இருக்கும் வரை தண்ணீர் அதைத்தான் தின்னும், தீர்ந்த மறுநாளிலிருந்து தொட்டியைத் தின்னத் தொடங்கும். காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றலாம். ஓட்டை விழுந்த தொட்டியை யாராலும் அடைக்க முடியாது. உங்கள் கூட்டலில் அந்த ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது, சார்.

கோவைக்கு மருமகள்:
அப்படியானால் வீட்டுக்கே சாஃப்ட்னர் வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீருமா?

ஸ்பானர்:
ஒன்றுதான் தீரும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. காயிலில் உப்புப் படியாது. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவு குறைவதில்லை, டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் பழைய எண்ணையே காட்டும். ராடு கரையும் வேகம் அப்படியே இருக்கும், சில வீடுகளில் கூடவும் செய்யும். சாஃப்ட்னர் வைத்த வீட்டில் ராடை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

மேடவாக்கத்தான்:
இன்னொரு ஐயம். புதிய கீசரின் குளிர்நீர்க் குழாயில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து, சூடாகும் நேரத்தில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. எங்கள் பிளம்பர், அதன் வாயில் ஒரு அடைப்பைத் திருகிவிட்டால் நின்றுவிடும் என்கிறார்.

மின்கம்பி:
தயவுசெய்து அவரைத் தடுத்து நிறுத்துங்கள். 15 லிட்டர் தண்ணீர் 60 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு, விரிகிறது. 25 லிட்டருக்கு அது 300 மில்லிக்கு மேல். வால்வுக்குள் ஒருவழி அடைப்பு இருப்பதால், விரிந்த தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்ப முடியாது. அந்தச் சொட்டுதான் அதற்கு வழி. அந்த வழியையும் அடைத்து, தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்அவுட்டும் கைவிட்டால், உங்கள் குளியலறைச் சுவரில் தொங்குவது கீசர் அல்ல, மூடி பூட்டிய குக்கர். சூடாகாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றுங்கள். சிறிய குழாய் ஒன்றை மாட்டித் தரையோரம் விட்டுவிட்டால் சொட்டு தலையில் விழாது.

கூட்டல் கழித்தல்:
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கவனியுங்கள்: இதுவரை நீங்கள் இருவரும் சொன்ன எதற்கும் ஒப்பந்தம் தேவைப்படவில்லை. ராடு மாற்றுவது, வால்வைக் கவனிப்பது, ஆர்.சி.சி.பி. வைப்பது எல்லாம் கைக்காசில் முடிகிற வேலைகள். நான் பராமரிப்பை எதிர்த்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் எதிர்த்தது ரசீதை.

மின்கம்பி:
முதல் பதிவில் பழுதானபோது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியவரும் நீங்கள்தான், ஐயா. இருக்கட்டும். கைக்காசில் செய்ய எளிதான இன்னொன்று, தெர்மோஸ்டாட்டை 75இலிருந்து இறக்குவது. ஆனால் மிகவும் கீழே கொண்டுபோகாதீர்கள். 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையே நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். தேக்கி வைக்கும் வெந்நீர் 60 பாகையில் இருக்கட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான் என் வீட்டில் 60இல் நிறுத்தியிருக்கிறேன். உப்பும் கொஞ்சம் குறையும், கிருமிக்கும் இடமிருக்காது.

மேடவாக்கத்தான்:
ஒப்பந்தம் போடவில்லை. அதற்குப் பதிலாக, நேற்று ஞாயிற்றுக்கிழமை, மாடிக் குளியலறையில் நான்காண்டாக இருக்கும் 15 லிட்டர் கீசரை நானே திறந்தேன். கீழே உள்ள புதியதைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டேன். கீசருக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, டெஸ்டரை வைத்து உறுதி செய்துகொண்டு, தண்ணீர் ஆறும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். குளிர்நீர் இணைப்பைக் கழற்றி, காற்று புகுவதற்காக வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டதும் தொட்டி வடிந்தது. முதலில் தெளிந்த நீர். கடைசியில் அரிசி களைந்த தண்ணீர்போல ஒன்று வந்தது. பிளேஞ்சை இறக்கியபோது முட்டை ஓடு நொறுங்கியது போன்ற சில்லுகள் வாளியில் கொட்டின. அளந்து பார்த்தேன், மூன்று டம்ளர். காயிலின் வளைவில் சுண்டுவிரல் நகம் அளவு தடிமனுக்கு வெள்ளை ஏறியிருந்தது. ராடு பாதிதான் மிச்சம். ஓரிடத்தில் நடுக்கம்பி எட்டிப் பார்த்தது. 350 ரூபாய்க்குப் புதியது வாங்கி மாட்டினேன். காயிலைச் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். படிவு நுரைத்துக்கொண்டு உதிர்ந்தது.

ஸ்பானர்:
நல்லது. குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றாமல் இருந்தீர்களே, அதற்கே பாராட்ட வேண்டும். அது உப்போடு சேர்த்துக் காயிலின் உலோக மேலுறையையும் தின்றுவிடும். திரும்ப மாட்டியபின், வெந்நீர்க் குழாயில் காற்று விட்டுவிட்டு வராமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதானே சுவிட்சைப் போட்டீர்கள்? வெறும் தொட்டியில் காயில் சில நொடிகள்கூடத் தாங்காது.

மேடவாக்கத்தான்:
ஆமாம், முழுதாக நிரம்பிய பிறகுதான் போட்டேன்.

கூட்டல் கழித்தல்:
350 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். 1,600 எங்கே, இது எங்கே?

ஸ்பானர்:
சார், கொஞ்சம் பொறுங்கள். கேஸ்கெட் புதிதாகப் போட்டாரா என்று முதலில் கேட்போம்.

மேடவாக்கத்தான்:
பழையதையே துடைத்துப் போட்டேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இப்போதுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பிளேஞ்சின் ஓரத்தில், இரண்டாவது போல்ட்டுக்குக் கீழே, ஒரு சொட்டு நிற்கிறது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டேன், கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.